காதால் கற்ற இங்கிலீஷ்

கோலார் தங்கவயலில் ‘மைசூர் மைன்ஸ்’ என்று நாம் சொல்லும் இடம், சுரங்க அறிக்கைகளில் ‘மைசூர் மைன்’ என்று ஒருமையில்தான் இருக்கிறது. கடைசி ‘ஸ்’ நம் வாயில் ஒட்டிக்கொண்டது. “மைன்ஸ்ல வேலை” என்றால் இலக்கணம் தெரியாதவர்கள் என்று நகைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயரும் இதே காரியத்தைத் தலைகீழாகச் செய்தவர்கள்தான். பட்டாணிக்கு அவர்களின் பழைய சொல் ‘பீஸ்’, அதுவே ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை என்று நினைத்து வெட்டிப்போட்டு ‘பீ’ என்றொரு புதுச்சொல்லை உண்டாக்கினார்கள். அந்தப் பிழைதான் இன்று அகராதியில் இருக்கிறது.

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கம் நடத்த இங்கே வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து வந்த நம் மூத்தவர்களுக்கு யாரும் பலகை வைத்து ஆங்கிலம் சொல்லித்தரவில்லை. ஷாப்ட், கேஜ், லெவல், ஷிப்ட் எல்லாம் காதால் வந்தவை. தாது வெட்டியெடுக்கும் குடைவுக்கு ‘ஸ்டோப்’ என்று பெயர். லண்டனில் பட்டம் வாங்கியவரில் பலருக்கு அந்தச் சொல் தெரியாது. இங்கே கைநாட்டு வைத்தவர் அதன் பொருளை உடம்பால் அறிந்திருந்தார். வரிசை என்று பொருள்படும் ‘லைன்’, வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பின் பெயராகி, நமக்கு வீடாயிற்று, உறவாயிற்று. இலங்கை மலையகத் தோட்டங்களிலும் அதே சொல்தான் ‘லயம்’ ஆனது. காதால் கற்கும் முறையின் பலம் இது: கூச்சமில்லாமல் சொல்லை எடுத்து நமதாக்கிக்கொள்கிறோம். அதை யாரும் இழிவாகப் பேசக்கூடாது.

ஆனால் காதுக்கு எழுத்து தெரியாது. இங்கே தங்கம் ஓடிய முக்கியப் பாறை நரம்புக்கு ‘சாம்பியன் லோடு’ என்று பெயர். லாரியில் ஏற்றுவதும் லோடுதான். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, ஒலி ஒன்று. படிக்கிறவருக்கு மட்டுமே வித்தியாசம் புரியும்.

சில இடங்களில் குழப்பத்தை உண்டாக்கியதே ஆங்கிலம்தான். ஆழத்தில் பாரம் தாங்காமல் பாறை தானே வெடித்துச் சிதறுவதைப் பழைய அறிக்கைகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்றன. அது காற்று வெடித்ததும் இல்லை, மருந்து வைத்து வெடித்ததும் இல்லை. ‘ராக் பர்ஸ்ட்’ என்ற சரியான பெயர் பிறகுதான் நிலைத்தது.

எனக்கு மிகவும் வலிப்பது இன்னொரு சொல். ‘பி, ஹெச், டி, ஹெச்’ என்று நான்கு எழுத்தில் தொடங்கும் அதை ‘தைசிஸ்’ என்று உச்சரிப்பார்கள். முதல் எழுத்துகள் ஊமை. உடம்பு தேய்ந்துபோவது என்று பொருள். காசநோய்க்கும் அதே பெயர், கல்தூசி நுரையீரலை அரிக்கும் நோய்க்கும் ‘சுரங்கத் தொழிலாளர் தைசிஸ்’ என்று அதே பெயர். பின்னதைத்தான் இன்று சிலிக்கோசிஸ் என்கிறோம். இந்திய மருத்துவப் பாடநூல்கள் இந்தியாவில் அதன் முதல் பதிவாகக் காட்டுவது 1947-ல் கோலார் தங்கவயலைத்தான். காசம் தொற்றி வருவது. சிலிக்கோசிஸ் வேலை கொடுத்த நோய். நஷ்டஈட்டுச் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. இரண்டையும் “டி.பி.தான்” என்று லைனில் ஒரே சொல்லால் சொல்லிவிட்டால், கேட்டு வாங்க வேண்டிய உரிமையும் அந்தச் சொல்லோடு போய்விடும்.

சரளமாகப் பேசினாலே ஆங்கிலம் வந்துவிட்டது என்பதுதான் தங்கவயலில் நாம் இன்னும் விடாத தவறான எண்ணம். நம் பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் நன்றாகப் பேசுகிறார்கள். அதில் எனக்குப் பெருமை. ஆனால் பேச்சு வேலைக்கு உதவுகிறது, உரிமையோ காகிதத்தில் இருக்கிறது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவின் சர்வீஸ் காகிதமும் ஆஸ்பத்திரிச் சீட்டும் இன்னும் பல வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றை வெளியே எடுத்து, படித்த பிள்ளையை உட்காரவைத்து, ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் கீழே தமிழில் பொருள் எழுதச் சொல்லுங்கள்.