எழுதியவர் யார், அறிந்தது எங்ஙனம்?

சாட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி 2022ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்று முதல் பல்கலைக்கழகங்களை வாட்டிவரும் வினா ஒன்று உண்டு. மாணவர் ஒப்படைத்த கட்டுரையை எழுதியவர் மாணவரா, பொறியா என்பதே அது. வினா முறையானதே. ஆயினும் அதற்கு முன்னர்க் கேட்கத்தக்க வினா வேறொன்று இருக்கிறது. கட்டுரையில் உள்ள செய்தி எவ்வாறு அறியப்பட்டது? இதனைக் கேளாமல் விட்டுவிட்டால் ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கே பொருள் இல்லாமற் போகும். கெடா மாநிலத்தை முன்வைத்து இதனை ஈண்டு நோக்குவோம்.

கெடாவில் உயர்கல்விக்குக் குறைவில்லை. 1984இல் தோன்றி, இன்று சிந்தோக்கில் இயங்கும் உத்தாரா மலேசியப் பல்கலைக்கழகம் உண்டு. 2001இல் தொடங்கப்பெற்ற எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் பீடோங் அருகே இயங்குகிறது. சுங்கை பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக் கழகம் இருக்கிறது. பால்மரக் காட்டில் உளி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டப்படிப்பு மாணவர்கள். அவர்கள் கையில் இப்பொறியும் இருக்கிறது. தம் மண்ணைப் பற்றி அவர்கள் எழுதும் கட்டுரை எத்தகையதாக இருக்கும் என்பது தமிழாசிரியர் கவலைப்பட வேண்டிய செய்தியாகும்.

மலேசியத் தகுதி முகவாண்மை 2023இல் இதுபற்றி உயர்கல்வி நிலையங்களுக்கு ஓர் அறிவுரைக் குறிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் யுனெஸ்கோவும் ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. பொறியை அறவே விலக்குக என்று இரண்டும் கூறவில்லை. பொறுப்போடு பயன்படுத்துக என்பதே அவற்றின் போக்கு. யுனெஸ்கோ மற்றோர் எச்சரிக்கையும் தந்தது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்டோரின் குரல் இப்பொறிகளால் மேலும் ஒதுக்கப்படலாம் என்பது அது. தோட்டத் தமிழர் வரலாற்றுக்கு இவ்வெச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

காரணம் எளியது. இப்பொறி நூல்களை அடுக்கிவைத்துப் பார்த்து விடை சொல்வதன்று. கோடிக்கணக்கான பக்கங்களைப் பயின்று, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்து எழுதுவது. எழுத்து மிகுந்த பொருளில் அதன் கணிப்புப் பெரும்பாலும் செவ்விதாக அமையும். எழுத்து அருகிய பொருளிலோ, தெரியாது என்று நிறுத்துவதற்கு மாறாக, அதே சரளத்தோடு இட்டு நிரப்பிவிடக் கூடும். இல்லாத நூலுக்குப் பெயரும் ஆண்டும் சூட்டிய நிகழ்ச்சிகள் உலகெங்கும் கண்டவையே. இணையத்தைத் தேடிச் சான்று காட்டும் பொறிகளும் இப்போது வந்துள்ளன. அவையும் இணையத்தில் இல்லாததைக் காட்ட மாட்டா.

புக்கிட் சீடிம் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றுச் சென்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்றனர். தொழிலாளர் வேலையும் இழந்தனர். லயத்து வீடும் இழந்தனர். இத்துன்பத்துக்கு விடையாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பங்குப்பணமே அதன் முதல். அச்சங்கம் முதன்முதலாக வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சீடிம்.

இவ்வளவையும் பொறி சொல்லிவிடலாம், அச்சில் இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளியை எடுத்துக் கொடுக்க ஒரு குடும்பம் எப்படித் துணிந்தது? வீட்டில் என்ன வாதம் நிகழ்ந்தது? கிராணியும் கங்காணியும் என்ன சொன்னார்கள்? பெரட்டுக் களத்தில் நம்பிக்கை பரவியதா, ஐயம் பரவியதா? இவை முதியோர் நினைவில் உள்ளன. சில வீடுகளின் இரும்புப் பெட்டிகளில் பழைய பற்றுச்சீட்டுகளாக உள்ளன. ஒதுக்கப்பட்ட குரல் என்பது இதுவே. இதனைத் தேடிச் செல்லாத கட்டுரையை மாணவரே தம் கையால் எழுதியிருப்பினும், அது பொறியின் கட்டுரையிலிருந்து எவ்வகையில் வேறுபடும்?

நம் உரைமரபு இவ்விடத்தில் நமக்குத் துணைநிற்கிறது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் குறித்தவர்கள் நம் பதிப்பாசிரியர்கள். தமக்கு உடன்பாடு இல்லாத கருத்தையும் ‘என்பாரும் உளர்’ என்று பதிவுசெய்தவர்கள் நம் உரையாசிரியர்கள். பட்டினப்பாலையில் வரும் காழகம் கடாரமே, அக்கடாரமே இன்றைய கெடா என்று நாம் பெருமையோடு பேசுகிறோம். அதற்குக் காட்டும் சான்றுகளுள் முதன்மையானது நச்சினார்க்கினியர் உரை. அவரோ அப்பாட்டுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவர். காழகம் வேறு நாடு என்பாரும் உளர். அவ்வாறே பூஜாங் பள்ளத்தாக்கின் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்து, பழைய இரும்புருக்கும் களத்தை வெளிப்படுத்தினர். அதன் காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்வோரும் உளர். அதனை ஏலாதோரும் உளர். இத்தகைய வழக்குகளை ஒரே வாக்கியமாக மழுப்பிவிடுவது பொறிக்கு எளிது. மழுப்பிய வாக்கியத்தில் பிழை இருப்பது சிறு தீங்கு. வழக்கு ஒன்று இருந்த தடமே மறைந்துபோவது பெருந்தீங்கு.

இனி, பொறி எழுதியதைப் பொறியைக் கொண்டே பிடிக்கலாம் என்று நம்புவோரைப் பற்றி ஒரு சொல். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே, தான் வெளியிட்ட கண்டறி கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 சூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்போர்டு ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் எழுதிய 91 கட்டுரைகளை இத்தகைய ஏழு கருவிகளிடம் கொடுத்துப் பார்த்தனர். சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றைப் பொறி எழுதியவை என்று அவை கூறின. எளிய நடையில் எழுதுவதே குற்றமாகிவிட்டது! ஆங்கிலத்தை இரண்டாம், மூன்றாம் மொழியாகக் கற்ற நம் பிள்ளைகள்மீது இத்தீர்ப்பு விழுந்தால், அதனைத் தாங்குவது யார்?

அப்படியானால் பொறியை வெறுத்து ஒதுக்குவதா? அன்று. ஹார்வர்ட் என்றவுடன் பீடோங் பக்கத்தார்க்கு நினைவுக்கு வருவது ஹார்வர்ட் தோட்டம். அப்பெயர் கொண்ட அமெரிக்கப் பல்கலைக்கழகம் தன் அறிமுகக் கணினி வகுப்பில் 2023இல் ஓர் உதவிப் பொறியை அமைத்தது. நிரல் எழுதுவோர் மேசைமேல் ரப்பர் வாத்து வைத்து, அதனிடம் தம் சிக்கலை விளக்கிச் சொல்லித் தாமே தெளிவது ஒரு பழைய வழக்கம். அதனையொட்டி இதற்கும் வாத்து என்றே பெயர். இது விடையைக் கொடாது. மாணவரை விடையின் அருகே அழைத்துச் செல்லும். நல்லாசிரியர் செய்வதும் அதுவே அன்றோ? கொடுக்கத் தெரிந்த பொறியைக் கொடாதிருக்கப் பழக்கியது போற்றத்தக்க கருத்து.

நம் துறைக்கும் இவ்வாறு பணி உண்டு. ஆங்கிலத்தில் உள்ள பழைய தொழிலாளர் இலாகா அறிக்கைகளை முதல் வரைவாக மொழிபெயர்க்கலாம். முதியோர் பேச்சின் ஒலிப்பதிவை எழுத்தாக்கலாம். நிருவாகச் சுற்றறிக்கைகளை வரையலாம். எனினும் ஆயாக் கொட்டகை, ஒட்டுப்பால், வெளிக்காடு என்னும் தோட்டத்துச் சொற்களைப் பொறி பிறழக் கேட்கக் கூடும். அவற்றைத் திருத்தும் செவி மாணவருடையதாக இருக்க வேண்டும். அத்திருத்தமே ஒரு பாடம்.

இத்துணைக்கும் ஆசிரியர்க்கு நேரம் ஏது என்று கேட்பர். கேள்வி நேர்மையானது, வகுப்பில் மாணவர் தொகை பெரிது, திருத்தத் தாள்கள் பல. ஆயினும் கட்டுரையைப் பொறியிடம் கொடுத்துச் சந்தேகம் அளந்துகொண்டிருக்கும் பொழுதில், கட்டுரையாளரை அழைத்துப் பத்து நிமிடம் ‘இது உமக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டுவிடலாம். ஒவ்வோர் ஒப்படைப்பிலும் மாணவர் தாமே தேடிய ஒரு சான்றேனும் இருத்தல் வேண்டும் என்று விதிக்கலாம். பாட்டியின் வாய்மொழியோ, பள்ளியின் பழைய பதிவேடோ, கோயில் திருவிழாக் கணக்கோ எதுவாயினும் ஆகுக. பொறியின் துணை எவ்விடத்தில் கொள்ளப்பட்டது என்பதையும் மாணவர் ஒளியாமல் எழுதட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழியை மாணவர்க்குச் சொல்லும் நாமே, தோட்டத்துச் சுரைக்காயைப் பறித்து வரும்படி அவர்களை அனுப்பவும் வேண்டும்.

துண்டாடற் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று எண்பதைத் தொட்டும் கடந்தும் நிற்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியதை இவ்விடுமுறையிலேயே கேட்டுவிட வேண்டும். பொறியிடம் கேட்க வேண்டியதை அடுத்த ஆண்டும் கேட்கலாம்.