கஸ்தெல்லியோவின் வெள்ளாடை

1553-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள், மிகுவேல் செர்வேத்து என்பார் ஜெனீவா நகர்ப்புறத்தே உயிரோடு எரிக்கப்பட்டார். திரித்துவத்தையும் குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்தமையே அவர்மேற் சாட்டிய குற்றம். சீர்திருத்தத் தலைவராகிய கால்வின் அத்தண்டனைக்கு உடன்பட்டவர்.

மறு ஆண்டில், பாசல் நகரிற் கிரேக்கம் பயிற்றிய செபஸ்தியான் கஸ்தெல்லியோ, கொள்கை பிறழ்ந்தாரை ஒறுத்தல் தகுமோ என ஆராயும் இலத்தீன் நூலொன்றைப் புனைபெயரின் மறைந்து வெளியிட்டார். அதன் முகவுரைக்கண் ஓர் உவமை உளது. அரசனொருவன் தான் வருங்கால் வெள்ளாடையுடன் எதிர்கொள்ளுமாறு குடிகளைப் பணித்தான். அவரோ ஆடையை மறந்து, அவன் தேரில் வருவனோ குதிரைமேல் வருவனோ எனக் கலாம் விளைத்துக் குருதி சிந்தினர். வெள்ளாடையாவது தூய ஒழுக்கம். கால்வினுடைய முன்னை மொழிகளையும் சான்றாகத் தொகுத்தமை நூலின் மற்றொரு திறம்.

ஒழுக்கமே பெரிதாயின் மெய்யாராய்ச்சி வீணாமன்றோ எனின், அற்றன்று. ஆராய்ச்சிக்குக் கருவி சொல்லேயன்றி வாளன்று என்பதே நூற்கருத்து.

குறையும் ஒன்றுண்டு. பிடிவாதமுடையாரைச் சபையினின்று விலக்கலாம் என அந்நூல் இசைகின்றது. உயிரைக் காத்து உறவைக் கைவிட்டது. ஆயினும், கொலைக்களத்தருகே நின்று அவ்வளவேனும் உரைத்தல் எளிதன்று. 1903-இல் கால்வின் வழியினரே, முன்னோர் பிழையை ஒப்பி, அவ்விடத்து நினைவுக்கல் நாட்டினர். மறைந்து எழுதிய உண்மை வெளிப்பட ஏற்கப்படுதற்கு 349 ஆண்டுகள் வேண்டியிருந்தன.