பென்சில் கிறுக்கலின் அருமை

கொருக்குப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு பென்சிலும் செலோ டேப்பும் வாங்குங்கள். தாளில் அழுத்திக் கிறுக்கி, மேலே டேப்பை ஒட்டி உரியுங்கள். கறுப்பாக ஒரு பொடி கூடவே வரும். டேப்பை மடித்து மடித்து உரித்தால் அது மெலிந்துகொண்டே போகும். 2004-ல் மான்செஸ்டரில் இயற்பியலாளர்கள் கெய்மும் நோவோசெலோவும் கிராஃபைட் கட்டியை வைத்துச் செய்தது ஏறக்குறைய இதுதான். 2010-ல் நோபல் பரிசு.

பென்சிலில் இருக்கிற, நம் சிவகங்கையிலும் வெட்டியெடுக்கிற கனிமம்தான் கிராஃபைட். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சுமார் 30 லட்சம் அடுக்குகள். ஒற்றை அடுக்குக்குப் பெயர் கிராஃபீன்.

அதற்கு ‘உள்ளே’ என்று ஒன்று கிடையாது. எல்லா அணுவும் வாசலில்தான் நிற்கிறது. அதனால் டிஎன்ஏவைக் கண்டறியும் உணரியாக இதைப் பயன்படுத்தலாம். அதன்மேல் டிஎன்ஏவின் ஒற்றை இழையைப் பதித்து, மின்சாரம் ஓடவிடுகிறார்கள். பொருத்தமான ஜோடி இழை வந்து கோத்துக்கொண்டால், அது சுமந்துவரும் எதிர்மின்னூட்டத்தால் மின்னோட்டம் மாறிவிடும். சாயம் வேண்டாம், ஒளி வேண்டாம். சிக்கல் உப்பில் இருக்கிறது. ரத்தத்தில் நேரடியாக அளந்தால், அதிலுள்ள உப்பு ஒரு நானோமீட்டருக்கு அப்பால் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும். அதனால் நீர்த்த கரைசலில் அளப்பதுண்டு.

மெக்கானிக் கடைக் கறுப்பு கிரீஸில் கலக்கும் மாலிப்டினம் டைசல்ஃபைடும் இதே அடுக்குச் சாதிதான், உணரிக்கும் உதவுகிறது.

வீட்டுச் சுவரில் பிள்ளை பென்சிலால் கிறுக்கினால், திட்டுவதற்கு முன் அந்தக் கோட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.