மறுபடியும் எரிய வேண்டிய இயந்திரம்

போடிநாயக்கனூருக்கு மேற்கே நிற்கும் ஏலமலையை ஏந்திய அதே மேற்குத் தொடர்ச்சி தெற்கே சென்று, திருநெல்வேலிச் சீமையில் மகேந்திரகிரியாக உயர்கிறது. அங்கே இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான், நம் ராக்கெட்டுகளின் திரவ இயந்திரங்கள் நெருப்பு மூட்டிப் பரீட்சிக்கப்படுகின்றன. 2024 செப்டம்பரில் மத்திய மந்திரி சபை 8,240 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த அடுத்த தலைமுறை ஏவுகலம், 30 டன் பாரத்தைத் தாழ்ந்த புவிச் சுற்றுப்பாதைக்கு ஏற்றுவதோடு, அதன் முதற்கட்டம் திரும்பி வந்து இறங்கி மறுபடி உபயோகப்பட வேண்டும் என்ற உத்தேசமும் உடையது. அதற்காகத் திரவ மீதேனும் திரவ ஆக்ஸிஜனும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இந்தத் தேர்வு சரியானதே என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாமே சரியானவை அல்ல.

ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு கிலோ எரிபொருள், தன் எடைக்கு நிகரான உந்துதலை எத்தனை விநாடி தரும் என்ற கணக்கை மட்டும் பார்த்தால், ஹைட்ரஜனுக்கு நிகர் இல்லை; நம்முடைய சிஇ-20 கிரையோஜெனிக் இயந்திரம் ஏறக்குறைய 443 விநாடி தருகிறது. ஆயினும் பூஜ்யத்துக்குக் கீழே 253 செல்சியஸ் பாகையில் வைக்கப்பட வேண்டிய அந்தத் திரவம், ஒரு கன மீட்டருக்கு 71 கிலோ மட்டுமே எடையுள்ளதாகையால், பெருத்த தொட்டியை வேண்டுகிறது. உலோகத்தின் உட்புகுந்து அதை நொறுங்கச் செய்யும் தோஷமும் அதற்கு உண்டு. மண்ணெண்ணெயோ அடர்த்தி மிக்கது, மலிவானது. ஆனால் இயந்திரச் சுவரைக் குளிர்விக்கும் நுண்ணிய கால்வாய்களில் கரியாகப் படிந்துவிடுவதால், ஒரு முறை பறந்து வந்த இயந்திரத்தை மறுபடி நம்புவதற்கு முன் நெடுநேரம் சோதிக்க வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு வைக்கிங் இயந்திரத்தின் நுட்பத்தைக் கற்று வந்து, நம்பி நாராயணன் முதலானோர் உருவாக்கிய விகாஸ் இயந்திரத்தின் திரவங்கள் சாதாரண உஷ்ணத்திலேயே இருக்கக்கூடியவை. எனினும் அவை கொடிய விஷமாதலால், இறங்கிய கலத்தின் அருகே தொழிலாளரை அனுப்புவதே அபாயம். மீதேன் இவற்றுக்கிடையே நிற்கிறது: கரி மிகக் குறைவு, அதன் கொதிநிலை சுமார் −162 பாகை, ஆக்ஸிஜனுடையது −183 பாகை, ஆகவே இரு தொட்டிகளையும் அடுத்தடுத்து வைத்து, ஒரே விதமான காப்பில் அமைத்துவிடலாம்.

எரிபொருளைத் தனியே பிரித்து மதிப்பிடுவது பிழை என்பது ஏலமலைக்காரர்களுக்குப் புதிய தத்துவம் அன்று. பச்சை ஏலக்காயை ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்த்தும் அறையில் தட்டுகளில் பரப்பி, 50 பாகையை ஒட்டிய சூட்டில் உலர்த்துகிற விவசாயி, விறகின் விலையை மட்டும் பார்த்து அடுப்பு அமைப்பதில்லை. சூடு சீராக நில்லாது ஏறி இறங்கினால் காயின் பச்சை வெளிறி, போடி ஏல மையத்தில் விலை விழும் என்பதறிந்து, விறகு, அடுப்பு, சூட்டுக் குழாய், காய் ஆகிய அனைத்தையும் ஒருங்கே எண்ணித்தான் தீர்மானிக்கிறார்.

இனி மீதேனின் குறைகள். திரவ ஆக்ஸிஜனோடு அது கலந்துவிட்டால் உக்கிரமாக வெடிக்கக்கூடும். தானே பற்றாதாகையால் ஒவ்வொரு முறையும் தீ மூட்டியாக வேண்டும். செவ்வாயிலேயே கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் நிக்கல் வினையூக்கியின் மேல் கூட்டி மீதேன் செய்துகொள்ளலாம் என்ற வாதம் ரசாயனத்தில் பழுதற்றது. ஆனால் செவ்வாயில் இறங்கிய பெர்ஸிவரன்ஸ் ஊர்தியிலிருந்த மாக்ஸி கருவி, 2021 முதல் 2023 வரை அந்த வாயுவிலிருந்து பிரித்தெடுத்த ஆக்ஸிஜன் மொத்தம் 122 கிராம். திரும்பி வரும் கலத்துக்கோ டன் கணக்கில் வேண்டும். ஆகவே செவ்வாயைக் காரணம் காட்டி இன்றைய இயந்திரத்தைத் தேர்ந்தோம் என்பது, நாளைய வருமானத்தை நம்பி இன்று கடன் வாங்குவதாகும்.

கிரகப் பிரயாணத்தின் நிஜமான சோதனை காத்திருத்தல். மங்கள்யானின் 440 நியூட்டன் இயந்திரம், 2013 டிசம்பரில் கலத்தைப் பூமியை விட்டு அனுப்பிய பின், ஏறக்குறைய 300 நாள் உறங்கிக் கிடந்து, 2014 செப்டம்பர் 22-இல் நான்கு விநாடி ஒத்திகையாக எரிந்து, 24-ஆம் தேதி கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. ஒன்றையொன்று தொட்டவுடன் தாமே பற்றும் அதன் விஷத் திரவங்களுக்குக் குளிர்காப்பும் வேண்டாம், தீப்பொறியும் வேண்டாம். மீதேனை அத்தனை நாள் ஆவியாகாமல் காக்கும் சாமர்த்தியம் நமக்கு வரும்வரை, பூமியிலிருந்து எழுப்ப மீதேனும், தொலைவில் தனித்துச் செல்லும் சிறு கலத்துக்குப் பழைய திரவங்களும் இருப்பதே விவேகம். ஒரே எரிபொருளால் எல்லாப் பயணத்தையும் முடிக்கும் ஆசை அழகானது, ஆனால் அவசரமானது.

2008-இல் ஒப்புதல் பெற்ற இஸ்ரோவின் மண்ணெண்ணெய் இயந்திரத்தின் தலைப்பகுதி, 2025 மார்ச் 28-இல்தான் மகேந்திரகிரியில் வெற்றிகரமாக எரிந்தது. அதுவும் இரண்டரை விநாடி. அந்தத் தாமதத்தை அறிந்த எவரும், மீதேன் இயந்திரத்தின் உந்துதல் எவ்வளவு என்று கேட்பதோடு நிற்கலாகாது. ஒரே இயந்திரத்தைக் கழற்றாமல், துடைக்காமல், அடுத்தடுத்து எத்தனை முறை மூட்டினார்கள் என்ற எண்ணையே இஸ்ரோ ஒவ்வொரு பரீட்சைக்குப் பின்னும் ஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும்.