தேக்காவும் காற்றும்

சிங்கப்பூரில் தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளை க, கா, கி வரிசையைக் கடந்துவிடுகிறது. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வரும் இடத்தில்தான் நாக்கு தடுக்குகிறது, பென்சிலும் நிற்கிறது. இலக்கணம் மெய்ம்மயக்கம் என்று சொல்லும் இதைக் கற்பிக்க எந்த வழி நல்லது?

பழைய வழி எழுத்துக்கூட்டல். ‘தேக்கா’ என்ற சிங்கப்பூர் இடப்பெயரைத் ‘தே-இக்-கா’ என்று சொல்ல வைப்பது. எந்த எழுத்தும் விட்டுப்போகாது. சொல்வதெழுதுதலுக்கு நல்ல காவல். வாசிப்புக்கு அதுவே இடைஞ்சல்: சொல்லில் இல்லாத இகரம் நடுவில் நுழைந்துவிடுகிறது.

அடுத்தது, ஆங்கில வகுப்பிலிருந்து வரும் ஒலிமுறை: எழுத்துக்கு உரிய ஒலியைச் சொல்லி, ஒன்றோடொன்று ஒட்டிப் படிப்பது. ஒலியைக் கவனிக்கப் பழக்குவதால் இது பயனுள்ளதே. ஆனால் தமிழில் எழுத்தின் ஒலியையே பக்கத்து மெய்தான் முடிவுசெய்கிறது. ‘தக்காளி’யில் வல்லென்று ஒலிக்கும் ககரம் ‘தங்க’த்தில் குழைகிறது. க-வுக்கு ஒரே ஒலி என்று பழகிய பிள்ளை இங்கே தவறிவிடும்.

மூன்றாவது, அசை பிரிப்பது: தேக்-கா, சிங்-கப்-பூர். புள்ளி எழுத்து முன்னெழுத்தோடு சேரும் என்ற ஒரே விதி போதும். இகரம் நுழையாது, ஒலியும் பிசகாது. இலக்கணமும் கைகொடுக்கிறது. தமிழ்ச் சொல்லில் க், ச், த், ப் ஆகியவற்றை அடுத்து அதே மெய்தான் வரும். ர், ழ் இரட்டிக்கவே மாட்டா. ‘டாக்சி’ போன்ற கடன்சொற்களை விதிவிலக்காகப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அசையும் காதை நம்பும் முறைதான். ‘காத்து’ என்று கேட்கும் பிள்ளை ‘காற்று’ என்று எழுத வேண்டும். ‘மூணு’ ‘மூன்று’ ஆக வேண்டும். ‘படிச்சேன்’ ‘படித்தேன்’ ஆக வேண்டும். சிங்கப்பூர்வாசிகளில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. வீட்டில் பேச்சுத்தமிழே அருகும் நிலையில், எழுத்துத்தமிழின் ஒலி பிள்ளையின் காதில் தானாக விழும் என்று எதிர்பார்க்க முடியாது. 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தரச் சொன்னது. பிள்ளையைப் பேசவைக்க அது சரியான முடிவு. எழுத்துப்பிழையைத் தீர்க்க அது மட்டும் போதாது.

ஆகவே, வாசிப்புக்கு அசை வழியே முதன்மை. க்க, ப்ப போன்ற இரட்டிப்பும் ங்க, ண்ட போன்ற இன இணைகளும் முதலில் வரட்டும். ‘பயிற்சி’, ‘நட்பு’ அடுத்து. ‘வாழ்க்கை’, ‘பார்த்தான்’ போல மூன்று மெய் சேரும் சொற்கள் கடைசியில். ற்ற, ன்ற இரண்டையும் காதுக்கு விடாமல், காத்து–காற்று, மூணு–மூன்று என இணையாக எழுதிக் காட்டிக் கற்பிக்க வேண்டும். எழுத்துக்கூட்டல் எழுதியதைச் சரிபார்க்க மட்டும் இருக்கட்டும். அதை வைத்து வாசிக்கக் கற்பிப்பதை நிறுத்திவிடலாம்.