வினையில் வாழும் மொழி

அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மாநிலங்களில் பரவி வாழும் நவாஹோ மக்கள் தம் மொழியை ‘தினே பிஸாட்’ என்பார்கள். அமெரிக்கப் பழங்குடி மொழிகளுள் இன்றும் பெருந்தொகையினர் பேசுவது இதுவே. 2010ஐ ஒட்டிய கணக்கெடுப்புகளின்படி பேசுவோர் 1,60,000க்கும் மேல். ஆயினும் குழந்தைகளிடம் அது வேகமாகத் தேய்கிறது. தேய்வைத் தடுக்க முனைவோர் பலர் முதலில் நாடுவது எண்கள், நிறங்கள், விலங்குகளின் பெயர்கள் கொண்ட சொற்பட்டியலை. அந்தப் பட்டியலால் மட்டும் இம்மொழி கைவராது என்பதற்கு அதன் அன்றாடச் சொற்களே சான்று.

பெயர்ச்சொற்களுக்கு இம்மொழியில் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. ஸ்பானியரிடமிருந்து காசுக்குப் ‘பேசோ’வும் ஆப்பிளுக்குப் ‘பிலஸானா’வும் வந்தன. குதிரை வந்தபோது, உறவு மொழிகளில் நாயைக் குறிக்கும் பழஞ்சொல்லே அதற்குப் பெயராயிற்று. சிக்கிமுக்கிக் கல்லைக் குறித்த ‘பேஷ்’ உலோகத்துக்கு விரிந்தது. பின்பு தொலைபேசி ‘செய்தி சொல்ல உதவும் உலோகம்’ ஆயிற்று, கணினி ‘சிந்திக்கும் உலோகம்’ ஆயிற்று. விமானம் ‘பறக்கும் கார்’. இரண்டாம் உலகப் போரில், 1942இல், 29 நவாஹோ இளைஞர்கள் அமெரிக்க மரைன் படைக்குச் சங்கேதச் சொற்களை உருவாக்கியபோது நீர்மூழ்கிக் கப்பலுக்கு ‘இரும்பு மீன்’ என்று பெயரிட்டார்கள். இத்தகைய பெயர்கள் பலவற்றின் உள்ளே ஒரு வினை இருக்கிறது. சொல்லுதல், சிந்தித்தல், பறத்தல் ஆகியவற்றை அறியாதவருக்கு இப்பெயர்கள் வெறும் ஒலித்தொடர்கள்.

வினையின் ஆட்சி வீட்டுப் பேச்சில் இன்னும் தெளிவு. ‘கொடு’ என்று பொதுவாகக் கேட்க முடியாது. கேட்கும் பொருள் உருண்டையா, நீண்டு விறைத்ததா, கயிறுபோல் வளைவதா, துணிபோல் தட்டையா, திறந்த பாத்திரத்தில் உள்ளதா, சேறுபோல் குழைந்ததா என்பதைப் பொறுத்து வினையடி மாறும். இப்படி ஏறத்தாழ 11 வகை. ‘கோஹ்வே’ என்றால் காப்பி என்று பட்டியலில் கற்ற குழந்தை, ஒரு கோப்பைக் காப்பியைக் கேட்கத் திறந்த பாத்திரத்துக்குரிய வினையையும் அறிந்திருக்க வேண்டும். ஒலியும் இதே கண்டிப்பைக் கேட்கிறது. மருந்தையும் வாயையும் குறிக்கும் இரு சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டும் ‘அஸே’தான், நெடிலின் சுருதி தாழ்ந்தால் மருந்து, உயர்ந்தால் வாய். இத்துடன் மூக்கொலி உயிர்களும், குரல்வளையை அடைத்து வெடிக்கும் மெய்களும், குரல் அதிராமல் நாவின் பக்கவாட்டில் காற்று சீறும் ஒருவகை லகரமும் உண்டு. இவற்றைக் காதால் கேட்டுப் பழகாமல் ஏட்டிலிருந்து மட்டும் பெறுவது அரிது.

இவ்வளவு கடினமான மொழிக்கு எளிய பட்டியலே பொருத்தமான முதற்படி என்று வாதிடலாம். ஆனால் கடினம் என்பது பெரியவராகி வெளியிலிருந்து வருபவரின் அளவுகோல். வீட்டில் நவாஹோ கேட்டு வளரும் குழந்தை இந்த வினைகளை யாரும் இலக்கணம் சொல்லித்தராமலே பேசுகிறது. 1960களின் இறுதியில் பள்ளிக்கு வந்த நவாஹோ குழந்தைகளுள் பெரும்பாலோர் அப்படித்தான் வந்தார்கள். தாய்மொழி பேசியதற்காகத் தண்டித்த உறைவிடப் பள்ளிகளும், அத்தண்டனையை நினைத்துத் தம் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசிய பெற்றோரின் அச்சமும் அந்த வழியை அடைத்தன. மொழியின் இயல்பில் குற்றம் இல்லை. ஆங்கிலக் கலப்பே கேடு என்பாரும் உளர். பேசத் தெரிந்தவர் வாயில் ஆங்கிலப் பெயர் புகுந்தாலும் அதைத் தாங்குவது நவாஹோ வினையே. தூய பெயர்களை மட்டும் கற்றவரிடம் அவற்றைத் தாங்க வினை இல்லை. நவாஹோ மொழியை ஆராய்ந்த ராபர்ட் யங்கும் வில்லியம் மோர்கனும் 1980இல் வெளியிட்ட பெருநூல் இலக்கணமும் அகராதியும் ஒன்றாய் அமைந்தது. இம்மொழியில் அவற்றைப் பிரிக்க முடியாது.

ஆகவே 1986இல் அரிசோனாவின் ஃபோர்ட் டிஃபையன்ஸில் தொடங்கியதுபோல், வகுப்பு முழுவதையும் நவாஹோவிலேயே நடத்தும் முயற்சிகளே சரியான திசையில் செல்பவை. அங்கே குழந்தை ஒன்றைக் கேட்கவும் கொடுக்கவும் மறுக்கவும் மொழி தேவைப்படுகிறது; அந்தத் தேவையில்தான் வினை பிறக்கிறது. பள்ளிக்கு ஒதுக்கும் பணத்தில் அட்டைகளுக்கும் சுவரொட்டிகளுக்கும் போகும் பங்கைக் குறைத்து, சரளமாகப் பேசும் முதியோரைக் குழந்தைகளோடு நாள்தோறும் உட்காரவைக்கச் செலவிடுவதே நவாஹோவுக்குச் செய்யக்கூடிய உண்மையான தொண்டு.