சுருக்கம் பற்றி ஒரு குறிப்பு

ஒரு புரோகிராமை மிகக் குறைந்த எழுத்துகளில் எழுதி முடிக்கும் போட்டிக்குக் 'கோட் கோல்ஃப்' என்று பெயர். கோல்ஃபில் குறைவாக அடித்தவன்தான் ஜெயிக்கிறான். இதை வெறும் சாமர்த்தியம் என்று ஒதுக்க எனக்குச் சம்மதமில்லை. எம்.ஐ.டி.யில் டிஎக்ஸ்-0 கம்ப்யூட்டரோடு மல்லாடிய இளைஞர்களைப் பற்றி ஸ்டீவன் லெவி தம் 'ஹாக்கர்ஸ்' (1984) புத்தகத்தில் எழுதியிருக்கிறார். எண்களைத் தசமத்தில் அச்சிடும் புரோகிராமை 50 கட்டளைகளுக்குக் கீழே கொண்டுவர எல்லோரும் திணறினார்கள். ஒருவர் கணக்கையே தலைகீழாகப் பார்த்தார், 46இல் முடிந்தது. அங்கே சுருக்கம் பார்வையின் விளைவு.

பின்னால் இந்தப் போட்டிக்கென்றே கோல்ஃப்ஸ்கிரிப்ட், ஜெல்லி என்று மொழிகள் வந்தன. ஒரு முழு வேலையை அவற்றில் ஒற்றைக் குறி செய்துவிடும். நீளம் மொழிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

நம் குறுங்கவிதைகள் பலவற்றிலும் இதுவே நடக்கிறது. 'சிலுவை' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும், மீதியை இரண்டாயிரம் வருஷம் பார்த்துக்கொள்ளும். கவிஞன் எதையும் பார்த்தாக வேண்டியதில்லை. வரிகளை எண்ணிச் 'செறிவு' என்று பாராட்டும் விமர்சனம் இதற்கு உடந்தை. நானும் அப்படி எழுதியவன்தான். இது யார் உழைப்பில் சுருங்கியது என்று இனியாவது கேட்க வேண்டும்.